பழைய டீசல் ஜீப்புக்கு எலக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ஏற்றத்தில் பயன் தருமா?

கீழ்க்கோத்தகிரி தோட்டக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் இரண்டரை ஏக்கர் தேயிலையும் சிறிது காய்கறி நிலமும் வைத்திருக்கும் சிறு விவசாயி நான். என்னிடம் 1998 மாடல் மஹிந்திரா ஜீப் ஒன்று உள்ளது. நான்கு சக்கர இயக்கம், 2523 சி.சி. டி.ஐ. டீசல் என்ஜின், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது. பச்சை இலை மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்குச் சேர்ப்பதும், மாதம் இரண்டு முறை கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு, திரும்பும்போது உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையேறுவதுமே அதன் வேலை.

அந்தத் திரும்பும் ஏற்றத்தில்தான் சிக்கல். காலையிலேயே மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பினால் தொல்லையில்லை. வெயில் ஏறிய பிறகு சுமையுடன் கிளம்பினால், குஞ்சப்பனை செக்போஸ்ட்டை எட்டும் முன்பே வெப்பமானியின் முள் முக்கால் அளவைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கோடையில் இரண்டு முறை ரேடியேட்டர் மூடியின் ஓரமாக ஆவி பீறிட்டு, சாலையோரம் நிறுத்தி, அரை மணி நேரம் காத்திருந்து தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் அங்கே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது மனத்துக்கு இதமான காரியம் அன்று. அரவேனுவைக் கடந்துவிட்டால் முள் தானாகவே பாதிக்கு இறங்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான தொல்லை மார்கழி, தை மாதங்களில் வருகிறது. புல்மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலைகளில் தோட்டத்துக்குள் அரை மணி நேரம் ஓட்டினாலும் முள் அடியைவிட்டு எழுவதில்லை. வெள்ளைப் புகையும் நிற்பதில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைப்போல ரேடியேட்டரின் முன்னால் கோணிச் சாக்கைக் கட்டித்தான் ஓட்டுகிறேன்.

என்ஜினோடு சேர்ந்து எந்நேரமும் சுழலும் இந்த இரும்பு ஃபேனைக் கழற்றிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் சுழலும் எலக்ட்ரிக் ஃபேன் பூட்டினால் இரண்டு தொல்லைகளும் ஒருசேரத் தீரும் என்று தோன்றுகிறது. கோவையில் ஒரு கடையில் விசாரித்தேன். 12 அங்குல ஃபேன் இரண்டு, ஃபேனுக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலே ஒன்றே ஒன்று, ஸ்டீயரிங் பக்கத்தில் கையால் போடும் ஸ்விட்ச் என்று சொன்னார்கள். ரேடியேட்டர் துடுப்புகளின் ஊடே பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து ஃபேனைக் கட்டிவிடுவார்களாம்; அரை நாள் வேலையாம். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் என் ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியர். ரேடியேட்டரில் கூலண்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் எதுவும் ஊற்றுவதில்லை. வழியில் கிடைக்கும் தண்ணீர்தான், பெரும்பாலும் மேட்டுப்பாளையம் பெட்ரோல் பங்க்கில் பிடிக்கும் போர் தண்ணீர்.

இந்த மாற்றத்தைச் செய்யலாமா? டீசல் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொல்வது உண்மையா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் பழைய பட்டறை:

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட் ஜீப்புகளுக்கு நடுவே முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பணத்தைக் கோவைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

என்ஜினோடு பிணைந்த ஃபேன் என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அந்த வேகத்துக்கு ஏற்பவே காற்றை இழுக்கும். நீங்கள் குஞ்சப்பனை ஏற்றத்தில் சுமையோடு இரண்டாவது கியரில் ஏறும்போது என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அதாவது உங்கள் பழைய ஃபேன் தன் முழுப் பலத்தோடு வேலை செய்யும் நேரமே அதுதான். அந்த நேரத்தில் தண்ணீர் கொதிக்கிறது என்றால் குறை ஃபேனில் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. 12 அங்குல எலக்ட்ரிக் ஃபேன் இரண்டு சேர்ந்தாலும், அந்த ஏற்றத்தில் உங்கள் இரும்பு ஃபேன் இழுக்கும் காற்றை இழுத்துவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எலக்ட்ரிக் ஃபேன் வெல்லும் இடம் வேறு. வண்டி நகராமல் என்ஜின் மட்டும் மெதுவாக ஐடிலில் ஓடும் போக்குவரத்து நெரிசலிலும், காற்றே தேவைப்படாத குளிர் காலையிலும் அது வெல்லும். உங்கள் கொதிப்பு இந்த இரண்டிலும் சேராது.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்திதான் என் கண்ணில் பட்டது: போர் தண்ணீர். நம் மலை ஓடைத் தண்ணீர் மென்மையானது. சமவெளிப் போர் தண்ணீர் அப்படியன்று. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களின் உள்ளேயும் படியும். வெளியே இருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருக்கும். உள்ளே மூன்றில் ஒரு பங்கு குழாய் அடைந்திருக்கும். அடைத்த குழாயின் மேல் எத்தனை ஃபேன் வைத்துக் காற்றடித்தாலும் குளிர்வதற்கு அங்கே சூடான தண்ணீர் இருக்காது.

கண்டுபிடிப்பது எளிது. வண்டியை நன்றாகச் சூடாக்கி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். மேலிருந்து கீழாக வெப்பம் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது உடல் வெப்பத்தோடு நின்றுவிடும். பட்டறைகளில் வைத்திருக்கும் கருவி வேறு.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. மலையில் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் கோத்தகிரி உயரத்தில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி முன்னதாக. மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் சரியாக இருந்து 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால், அதே கோத்தகிரியில் 115 டிகிரிவரை தண்ணீர் கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியோடு ஓட்டினால், மலையின் உயரம் பறித்துக்கொண்ட அந்தச் சில டிகிரிகளுக்கு ஈடு கிடைக்காமல், முள் சிவப்பைத் தொடுவதற்கு முன்பே ஆவி கிளம்பும். உங்களுக்கு மூடியின் ஓரத்தில் ஆவி வந்ததாகச் சொல்கிறீர்கள். புது மூடி வாங்கும்போது உங்கள் ரேடியேட்டருக்கு உரிய அழுத்த எண்ணையே வாங்குங்கள். கூடுதல் எண் போட்டால் பழைய ஈயப் பற்று விட்டுவிடும்.

அரவேனுவுக்கு மேல் முள் இறங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கீழே காற்று 36 டிகிரி என்றும் தண்ணீர் 95 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால் இடைவெளி 59. மேலே காற்று 16 டிகிரி என்றால் இடைவெளி 79. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மேலே காற்று மெலிந்து, ஃபேன் தள்ளும் காற்றின் எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்றாலும், மொத்தத்தில் லாபம்தான். ஆகவே உங்கள் ரேடியேட்டர் மேலே தேறி, கீழே தோற்கிறது. புதிதாக இருந்தபோது இதே வண்டி கீழேயும் தேறியிருக்கும் அல்லவா?

குளிர்காலத் தொல்லைக்கு ஃபேனைக் குறை சொல்லும் முன் தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். வண்டி சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்பும் பழக்கம் நம் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. நானும் இளவயதில் செய்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் என்ஜின் குளிரில் சூடேறாது. சில என்ஜின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் பக்கவழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்டின் வேலையே என்பதால், அதைக் கழற்றினால் ஏற்றத்தில் சூடு கூடவும் கூடும்.

பெல்ட் தொய்வையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் கரும்புகை அடர்த்தியாக வந்தால் டீசல் பம்பையும் காட்ட வேண்டும். டர்போ இல்லாத என்ஜின் மேலே போகப் போகக் காற்று குறைந்து, அதே அளவு டீசலை எரிக்க முடியாமல் புகையாகவும் சூடாகவும் கக்கும்.

தலைக்குந்தா மின்வேலை:

பட்டறை ஐயா சொன்ன வரிசையை நான் மாற்றமாட்டேன். முதலில் ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட். இருந்தாலும் எலக்ட்ரிக் ஃபேன் என்றால் என்ன, எப்படிப் பூட்ட வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கட்டும். கோவைக் கடை சொன்ன முறையில் நான்கு பிழைகள் எனக்குத் தெரிகின்றன.

முதல் பிழை, பிளாஸ்டிக் பட்டை. துடுப்புகளின் ஊடே பட்டையை இழுத்துக் கட்டினால் ஃபேனின் எடை முழுவதும் மெல்லிய குழாய்களின் மேல் தொங்கும். நம் தோட்டத்துக் கல் பாதையில் ஆறு மாதம் ஓடினால் போதும். பட்டை குழாயை அறுத்து, ஒழுகத் தொடங்கும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் இரும்புப் பட்டை அடித்து, ரப்பர் வாஷர் வைத்து, அதில்தான் ஃபேனைப் பூட்ட வேண்டும்.

இரண்டாவது, சுற்றுத் தகடு. ஷ்ரவுட் என்று சொல்லப்படும் அதைப் பற்றிக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. உங்கள் ரேடியேட்டர் 18 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 324 சதுர அங்குலம். 14 அங்குல ஃபேன் ஒன்றின் வட்டம் 154 சதுர அங்குலம்தான். சுற்றுத் தகடு இல்லாமல் ஃபேனை ரேடியேட்டரோடு ஒட்டி வைத்தால் அந்த வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி மட்டுமே குளிரும். மீதிப் பாதிக்கு மேற்பட்ட பகுதி சும்மா இருக்கும். முகம் முழுவதையும் மூடும் தகரக் கூண்டு ஒன்று அடித்து, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், ஒரே ஃபேன் முழு முகத்திலும் காற்றை இழுக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் வண்டிகளுக்கு இந்தக் கூண்டு எதிர்க்காற்றைத் தடுக்கும் என்ற குறை உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டரில் மலையேறும் நமக்கு எதிர்க்காற்று ஏது?

ஃபேனை என்ஜின் பக்கம் வைத்து இழுக்கும்படி அமைப்பதே நல்லது. இடமில்லாமல் முன்பக்கம் வைத்துத் தள்ளும்படி அமைத்தால், ஃபேன் ஓடாத நேரத்தில் அதன் உடலே காற்றை மறைக்கும். இரண்டு கம்பிகளையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் அதேபோல் இருப்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஃபேனை ஓடவிட்டு முன் கிரில்லில் ஒரு செய்தித்தாளை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் திசை சரி.

மூன்றாவது, ஒரே ரிலே. இரண்டு ஃபேன் என்றால் இரண்டு ரிலே, இரண்டு ஃபியூஸ். ஒன்று போனாலும் மற்றொன்று உங்களை வீடு சேர்க்கும். ஃபேன் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை இழுக்கும் என்பதால், இரண்டும் ஒரே நொடியில் கிளம்பாமல் இருப்பதும் நல்லது. ரிலேயின் 30-ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகக் கம்பி வர வேண்டும். அந்த ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், டேஷ்போர்டுக்கு அடியில் அன்று. 87-ஆம் முனை ஃபேனுக்கு. 86-க்குச் சாவி போட்டால் மின்சாரம் வரும் கம்பி. 85-ஐ, தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானாக வேலை செய்யும் தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்தில் சேர்க்க வேண்டும். பத்து ஆம்பியர் ஃபேன் ஒவ்வொன்றுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், ஒரே பெரிய 20 ஆம்பியர் ஃபேன் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போடுங்கள். எர்த் கம்பியை ரேடியேட்டரில் கட்டாமல், பெயின்ட்டைச் சுரண்டிய சேசிஸில் திருகுங்கள். மூடுபனியில் ரிலே நனைந்து பச்சை பூக்கும். முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.

நான்காவது, கையால் போடும் ஸ்விட்சை மட்டும் நம்புவது. ஏற்றத்தில் எதிரே பஸ் வரும்போது, கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும்போது, ஃபேன் போட்டோமா என்ற நினைவு யாருக்கு வரும்? தெர்மோ ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். அதோடு இணையாகக் கைச் ஸ்விட்ச் ஒன்று இருக்கலாம். தெர்மோ ஸ்விட்ச் பழுதானால் உதவும். 87-ஆம் முனையிலிருந்து டேஷ்போர்டுக்கு ஒரு சிறு விளக்கு கொடுத்துவிட்டால் ரிலே வேலை செய்ததா என்று கண்ணால் பார்க்கலாம்.

தெர்மோ ஸ்விட்சின் உடலில் 92-87 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணில் ஃபேன் ஓடும், இரண்டாவதில் நிற்கும். இதைத் தெர்மோஸ்டாட்டோடு பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 82 டிகிரித் தெர்மோஸ்டாட் அந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கி, முழுவதும் திறக்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக எடுத்துக்கொள்ளும். என்ஜினிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் 80 டிகிரி ஸ்விட்சை வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது; பிறகு எலக்ட்ரிக் ஃபேன் எதற்கு? ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் தண்ணீர் குளிர்ந்துவிட்ட பிறகு வருவதால், அங்கே வைத்தால் சற்றுக் குறைந்த எண் வேண்டும்.

உங்கள் ரேடியேட்டரில் ஸ்விட்ச் வைக்க மரையிட்ட வாய் இருக்காது. எப்படியும் அடைப்பெடுக்கத் தொட்டியைக் கழற்றப்போகிறீர்கள் என்றால், அப்போதே கீழ்த் தொட்டியில் ஒரு பித்தளை வாயை ஈயத்தால் பற்றவைத்து, இப்போதைக்கு போல்ட்டால் அடைத்துவிடச் சொல்லுங்கள். பிறகு தனியாக இதற்காகக் கழற்றினால் இரட்டைக் கூலி.

ஆல்டர்னேட்டர் கணக்கு: இரண்டு ஹெட்லைட் 9 ஆம்பியர், பின்விளக்குகளும் மற்றவையும் 3, வைப்பர் 5, ஃபேன் இரண்டும் 20. மொத்தம் 37. உங்களிடம் 45 இருப்பதால் போதும் என்று தோன்றும். ஆனால் 45 என்பது என்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் பாதி வந்தால் பெரிது. மீதியைப் பேட்டரிதான் கொடுக்கும். மழை இரவில் தலைக்குந்தாவில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றால் பேட்டரி களைத்துவிடும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தக் குளிரில் ஃபேன் ஓடப்போவதே இல்லை. விளக்கும் வைப்பரும் வேண்டிய நேரம் வேறு, ஃபேன் வேண்டிய நேரம் வேறு என்பது நம் மலையின் வசதி. எனவே ஒரே ஃபேன் என்றால் இருக்கும் ஆல்டர்னேட்டர் போதும். இரண்டு என்றால் 65 ஆம்பியருக்கு மாறுவதே முறை.

டீசல் மிச்சம் பற்றி ஒரு வார்த்தை. ஃபேன் தின்னும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. அதனால் வேகமாக ஓடும் என்ஜினில் மிச்சம் உண்மைதான். உங்களைப்போல மெதுவாக ஓட்டுபவருக்கு அது கையில் காசாகத் தெரியும் அளவுக்கு இருக்காது. மேலும் எலக்ட்ரிக் ஃபேனின் மின்சாரமும் அதே பெல்ட் வழியாக அதே டீசலிலிருந்துதான் வருகிறது.

தொட்டபெட்டா ஜிப்ஸி:

நான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜிப்ஸி ஓட்டுகிறேன்; 1.3 லிட்டர் பெட்ரோல். மூன்று ஆண்டுகளுக்கு முன் எலக்ட்ரிக் ஃபேனுக்கு மாறினேன். என் காரணம் தோட்டக்கார அண்ணனின் காரணத்திலிருந்து வேறுபட்டது. மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் தொட்டபெட்டா சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் ஊர்ந்து நிற்பதால், ஐடிலில் பழைய ஃபேன் சோம்பலாகச் சுற்றி வண்டி சூடாகும். எலக்ட்ரிக் ஃபேன் வந்த பிறகு அந்தத் தொல்லை அறவே இல்லை. சாதாரண நாட்களில் ஊட்டிக்குள் அது ஓடுவதே அரிது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் ஓடி நிற்கும். என்ஜினின் இரைச்சலும் குறைந்ததால் பயணிகளோடு பேசிக்கொண்டு ஓட்ட முடிகிறது.

ஆனால் முதல் முறை நானும் பிளாஸ்டிக் பட்டையில்தான் கட்டினேன். ஏழாவது மாதம் ரேடியேட்டரின் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. இரண்டாவது பாடம், பழைய ஃபேனைக் கழற்றியதும் அதே நீள போல்ட்டுகளைத் திரும்ப மாட்டியது. ஃபேனின் தடிப்பு போய்விட்டதால் போல்ட் நீளம் மிஞ்சி, புல்லியை இறுக்காமல் உள்ளே முட்டி நின்றது. பத்து கிலோமீட்டரில் புல்லி ஆடத் தொடங்கிவிட்டது. நீளம் குறைந்த போல்ட் போடுங்கள், இல்லையென்றால் ஃபேனின் தடிப்புக்கு வாஷர் கொடுங்கள்.

ஓடையைக் கடப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் ஃபேனை நிறுத்திவிடலாம். இரும்பு ஃபேன் தண்ணீரை என்ஜின் முழுவதும் வாரி இறைப்பதும், ஆழம் கூடினால் அதன் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கீறுவதும் இல்லை. அதற்கு என்று ரிலேயின் 86-ஆம் முனைக்கு வரும் கம்பியில் தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். கரையேறியதும் அதைத் திரும்பப் போட மறந்துவிடாமல் இருப்பது நம் சாமர்த்தியம்.

பெல்ட் அறுந்தால் எலக்ட்ரிக் ஃபேன் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறது. தண்ணீர் சுழலாமல் ஃபேன் மட்டும் சுழன்று என்ன பயன்?

கீழ்க்கோத்தகிரி தோட்டக்காரன்:

மூவருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்; இடையில் இலை வரத்து மிகுந்து வண்டியை நிறுத்த முடியவில்லை.

பட்டறை ஐயா சொன்னபடி நண்பர் ஒருவரின் கருவியால் அளந்தேன். வலது பக்கத்தில் நான்கு விரல் அகலப் பட்டை ஒன்று மற்ற இடங்களைவிட முப்பது டிகிரி குளிர்ந்து கிடந்தது. மேட்டுப்பாளையத்தில் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யும் பட்டறை ஒன்றில் தொட்டியைக் கழற்றிக் காட்டினார்கள். குழாய்களின் வாயில் சுண்ணாம்பு கல்லாக உறைந்திருந்தது. மெல்லிய கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்ததில் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள் விழுந்தது. இரண்டு குழாய்கள் தேறாது என்று அடைத்துவிட்டார்கள். மூடியின் ரப்பர் ஒரு பக்கம் வெடித்திருந்தது. தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று ஐயா கேட்டதைப் படித்துச் சிரித்திருந்தேன்; அது இருக்க வேண்டிய கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கழற்றியிருப்பார்கள் போலும்.

82 டிகிரித் தெர்மோஸ்டாட், புது மூடி, பாதிக்குப் பாதி கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் என்று போட்டேன். தலைக்குந்தா நண்பர் சொன்ன பித்தளை வாயையும் கீழ்த் தொட்டியில் பற்றவைத்து போல்ட்டால் அடைத்திருக்கிறேன். பழைய இரும்பு ஃபேன் அப்படியேதான் இருக்கிறது.

சென்ற வாரம் பிற்பகல் ஒரு மணிக்கு, 45 கிலோ யூரியா மூட்டை பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினேன். குஞ்சப்பனையில் முள் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றது. அதற்கு மேல் போகவில்லை. அரவேனுவில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. வழியில் தண்ணீர் ஊற்றவில்லை.

எலக்ட்ரிக் ஃபேனை இப்போது வாங்கவில்லை. தெர்மோஸ்டாட் வந்ததால் குளிர்காலத் தொல்லையும் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். மார்கழிக் காலையில் சாக்கைக் கட்டாமல் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்போதும் முள் எழாவிட்டால், 14 அங்குல ஃபேன் ஒன்றும் தகரக் கூண்டும் என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். தலைக்குந்தா நண்பரே, அடைத்து வைத்திருக்கும் வாயின் மரை அதுவரை கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டுமா?

தலைக்குந்தா மின்வேலை:

பித்தளை வாயில் இரும்பு போல்ட் போட்டிருந்தால் துருப்பிடித்து இறுகிவிடும். அடுத்த முறை கூலண்ட் மாற்றும்போது பித்தளை போல்ட்டாக மாற்றி, செம்பு வாஷர் வைத்து இறுக்குங்கள். வாங்கப்போகும் தெர்மோ ஸ்விட்சின் மரையும் அந்த வாயின் மரையும் ஒன்றுதானா என்பதை இப்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 22 மில்லிமீட்டர், 1.5 இடைவெளி மரை.

குன்னூர் பழைய பட்டறை:

மகிழ்ச்சி, தம்பி. இனி மேட்டுப்பாளையம் பங்க்கில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள். வண்டியில் ஐந்து லிட்டர் கேனில் கலந்த கூலண்டை வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முடிந்ததும் சாக்கில்லாத காலை எப்படியிருந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.